பிங்துங் நீளக் கத்தரி: விதைக்கு முழு மதிப்பெண், பாக்கெட் எழுத்துக்குப் பூஜ்யம்

கோலாலம்பூர் நாற்றுக்கடை ஒன்றில் 20 விதை 8 ரிங்கிட் என்று விற்கும் பாக்கெட் இது. தைவானின் தெற்கே உள்ள பிங்துங்கின் பெயரைத் தாங்கிய பழைய ரகம். இளம் ஊதா நிறம், ஒல்லி உடம்பு, முற்றாத காயே 30 சென்டிமீட்டர் வரும். விதையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை: 20இல் 17 முளைத்தன, அதுவும் எட்டே நாளில். குறையெல்லாம் பாக்கெட்டின் பின்பக்கத்தில்.

"கடைசி உறைபனி முடிந்ததும் நடவும்" என்கிறது அது. கோலாலம்பூரில் உறைபனிக்குக் காத்திருந்தால் பேரப்பிள்ளைகள்கூட நாற்று நட மாட்டார்கள். இங்கே பார்க்க வேண்டியது மழையை. ஏப்ரலிலும் நவம்பரிலும் கொட்டித் தீர்க்கும். மே தொடக்கத்தில் விதைத்தால், ஐந்தாறு இலை விட்ட நாற்றை ஜூன் நடுவில் மழை குறைந்த நேரமாகப் பார்த்து மாற்றி நடலாம். விதைக்கு மேல் அரை சென்டிமீட்டர் மண் போதும்.

அடுத்த வரிதான் ஆபத்து: "நேரடியாக நிலத்தில் நடலாம்." நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பாக்டீரியா வாடல் நோய் மண்ணில் சுலபமாகத் தங்கிவிடும். பச்சை மாறாமலே இலை நண்பகலில் தொங்கும், மாலையில் நிமிரும், சில நாளில் நிமிராது. சந்தேகம் இருந்தால் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல இறங்கினால் அதேதான். மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தக்காளி, மிளகாய்கூட வைக்காதீர்கள்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, 20 லிட்டர் தொட்டி: கோக்கோபீட் (தென்னை நார்த்தூள்), கம்போஸ்ட், கருக்கிய உமி மூன்றும் சமபங்கு, தோட்டத்து மண் ஒரு பிடிகூட வேண்டாம். இன்னொன்று, சுண்டைக்காய் நாற்றின் தண்டில் கத்தரியை ஒட்டுக் கட்டுவது. பசாரில் (சந்தையில்) தெரோங் பிப்பிட் என்று விற்கிறார்களே, அதுவேதான். சுண்டை மெதுவாக வளரும், மூன்று வாரம் முன்னதாகவே விதைத்துவிட வேண்டும். இரண்டு தண்டும் ஒரே தடிமனில் இருந்தால்தான் ஒட்டும். ஒட்டிய பின் ஒரு வாரம் பிளாஸ்டிக் மூடி போட்டு நிழலில் வையுங்கள்.

நுனி மட்டும் தொங்கினால் அது வாடல் அல்ல, துளைப்பான் புழு. இரண்டு விரல் கீழே வெட்டி நசுக்கிப் போடுங்கள், அந்தத் துண்டுக்குள்ளேயே புழு இருக்கும்.

மாடி பால்கனிக்குத் தேனீ வராது. காலையில் பூக்காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மகரந்தம் பையின் நுனித் துளை வழியாகத்தான் கொட்டும், அதற்கு அதிர்வு வேண்டும். கோழிச் சாணத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும்.

தோல் பளபளக்கும்போதே பறித்துவிட வேண்டும். மங்கினால் விதை முற்றிக் கசக்கும்.

இனி அடுப்பு. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு இதை வாங்காதீர்கள். தோல் மெல்லியது, சதை வெண்ணெய்போல் குழையும், அடைத்த மசாலா வெளியே வந்துவிடும். மிளகாய் விழுதில் புரட்டும் சம்பலுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. அரைக் கிலோ காயை விரல் நீளத்துக்கு வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு தோல் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு நிமிடம், திருப்பி ஒரு நிமிடம். எண்ணெய் காயாமல் போட்டால் சதை பஞ்சுபோல எண்ணெயைக் குடிக்கும், ஊதா நிறமும் பழுப்பாகிவிடும். ஊறவைத்த காய்ந்த மிளகாய் 12, சின்ன வெங்காயம் 8, பூண்டு 3 பல், வாட்டிய பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) ஒரு தேக்கரண்டி அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். அவசரப்பட்டால் மிளகாய்ப் பச்சை வாடை போகாது. கெட்டிப் புளித்தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, உப்பு சேர்த்து, காயைக் கடைசியில் போட்டு ஒரே புரட்டு.

ஹைபிரிட் (கலப்பினம்) இல்லை என்பதால் சொந்தக் காயிலிருந்தே விதை எடுக்கலாம், அடுத்த முறை 8 ரிங்கிட் செலவில்லை. பக்கத்தில் வேறு கத்தரி இருந்தால் ஒரு பூவைத் திறக்குமுன் துணிப்பையால் மூடி, அந்தக் காயைச் செடியிலேயே மஞ்சள் பழுப்பாக முற்ற விடுங்கள். சதையைத் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் காய வைத்து எடுத்து வையுங்கள்.