விசர்நாய்க்கடி: தடுப்பூசியும் சீரமும்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் கட்டாக்காலி நாய் கடித்து வைத்தியசாலைக்கு ஓடுபவர்களுக்கு இரண்டு விதமான ஊசி போடப்படலாம். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

தோள்புறத்தில் போடுவது தடுப்பூசி. அதிலுள்ள செயலிழந்த வைரசைக் கண்டு எங்கள் பி கலங்கள் (ஒருவகை வெண்குருதிக் கலங்கள்) தாமாகவே வைரசை மடக்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளை உருவாக்கும், வைரசை நினைவில் வைக்கும் நினைவுக் கலங்களும் மிஞ்சும். ஆனால் அதற்கு 7 முதல் 14 நாள் பிடிக்கும்.

அந்த இடைவெளிக்குத்தான் சீரம். குதிரையின் அல்லது மனிதரின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த ஆயத்தப் பிறபொருளெதிரி. காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் ஏற்றுவார்கள். விரல் நுனிக் கடி என்றால் நன்றாகவே நோகும். வைரஸ் நரம்பில் ஏறுமுன் அங்கேயே மடக்க வேறு வழியில்லை. இரத்தம் கசியாத சின்னக் கீறலுக்கு இது தேவைப்படாது. ஏற்றிய சீரம் சில வாரங்களில் கரைந்துவிடும், நினைவு எதையும் விட்டுச் செல்லாது.

ஆகவே சீரம் ஏற்றியாயிற்று என்று மிச்சத் தடுப்பூசிகளைத் தவறவிடுவது பெரிய ஆபத்து. என் கணிப்பில் தடுப்பூசிதான் அடித்தளம். முன்பே தடுப்பூசியை முழுமையாகப் போட்டவருக்குச் சீரமே வேண்டாம், அந்த நினைவைத் தூண்டும் ஊக்கித் தடுப்பூசி போதும்.

எதற்கும் முன்னால், மஞ்சள் அப்பாமல், சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். அறிகுறி தொடங்கிவிட்டால் இரண்டு ஊசியும் கைகொடுக்காது.