வண்ணாரப்பேட்டை வீட்டை விற்றோம்: வைத்திருப்பதா, பில்டரிடம் கொடுப்பதா, சின்ன ஃபிளாட்டா?

1982-ல் கல்யாணமாகிப் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு வந்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போக வேண்டும். போன வருஷம் அந்த வீட்டை விற்றபோது தெருவிலிருந்து ஒரு படி இறங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தோம். வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் ரோடு நாலு விரல், ஐந்து விரல் என்று ஏறிக்கொண்டே வந்துவிட்டது.

வடசென்னையில் எங்கள் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இப்போது இதே கேள்வியோடு இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில், வீடு பெரிசு, உடம்பு முன்போல இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று: வீட்டை அப்படியே வைத்துக்கொள்வது, பில்டரிடம் ஜேவி கொடுப்பது (மனை நம்முடையது, கட்டுவது அவர், கட்டிய வீடுகளைப் பங்கு போட்டுக்கொள்வது), மொத்தமாக விற்றுவிட்டுப் பக்கத்திலேயே சின்ன ஃபிளாட் வாங்குவது. இரண்டு வருஷம் யோசித்து மூன்றாவதைச் செய்தோம். இப்போதும் என் மனசு அந்தப் பக்கம்தான். மற்ற இரண்டிலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். மனை 1,650 சதுர அடி, முக்கால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம், நடுவில் முற்றம். இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீடுகளோடு ஒட்டியவை. கீழே மாமனார் காலத்து மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்கு விட்டத்தின்மேல் சின்னச் செங்கலைச் சாய்வாகக் குத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு என்கிற தட்டையான ஓடு பதித்தது. மாடியில் பாதி மட்டும் பிற்பாடு கட்டிய கான்கிரீட் வீடு, அதில் குடித்தனம். மீதிப் பாதி திறந்த மொட்டை மாடி.

வைத்துக்கொள்வதில் உள்ள நல்லதை நான் விளக்க வேண்டியதில்லை. பிறந்த வீடு என்று பிள்ளைகள் வருவார்கள், மாடி வாடகை 9,000 வரும், துணிக்கடைகள் இருக்கும் எம்.சி. ரோடு கூப்பிடு தூரம். கோடையில் அந்தச் சுண்ணாம்புக் கூரைக்குக் கீழே மதியம் படுத்தால் இருக்கும் குளிர்ச்சியை இந்த ஃபிளாட்டில் ஏ.சி. போட்டும் நான் பார்க்கவில்லை. 2022-ல் சொத்து வரி ஏறியதைச் சிலர் காரணமாகச் சொல்வார்கள். அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது, அது ஒரு வீட்டை விற்கிற அளவுக்குப் பாரம் இல்லை.

எங்களுக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. பராமரிப்பு என்றால் பணம் என்று நினைக்கிறோம். பணம் கூட இரண்டாவதுதான். ஆள் தேடுவது, வந்த ஆளோடு நாள் முழுக்க நிற்பது, மாடி ஏறி இறங்குவது, இதை யார் செய்வது என்பதுதான் கேள்வி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த ராத்திரி வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தோம். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. முற்றத்துத் தண்ணீர் தெருக் கால்வாய்க்குப் போகிற துவாரம் வழியாகத் திரும்பி வந்தது. தெரு மேலே, முற்றம் கீழே, வேறு எப்படிப் போகும்? விடியும்போது கூடத்தில் கணுக்கால் அளவு. சம்ப்பில், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில், சாக்கடை கலந்துவிட்டது. ஒன்பது நாள் கேன் தண்ணீர். சம்ப்பை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ ஆள் கிடைக்க அதில் ஆறு நாள் போனது, ஏனென்றால் தெருவே அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. ஆனால் நாற்பது வருஷமாக ஏறியதை அது இறக்காது. வீட்டைத் தூக்கலாமா என்று ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீடு இரண்டையும் சேர்த்துத் தூக்கினால்தான் உண்டு என்றார் வந்தவர். தரையை மட்டும் ஒன்றரை அடி ஏற்றினால் நிலைவாசல் தலையில் இடிக்கும்.

அப்புறம் கூரை. மெட்ராஸ் டெரஸில் ஒழுகல் எங்கே சொட்டுகிறதோ அங்கே இருக்காது. தண்ணீர் சுண்ணாம்புக்குள் நடந்து, விட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, ஐந்தடி தள்ளிச் சொட்டும். இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒருவர் கீழே பார்க்க வேண்டும். கீழே நான், மேலே 68 வயதில் என் வீட்டுக்காரர். எங்களுக்கு முப்பது வருஷமாக வேலை செய்த மேஸ்திரி கடைசியாக வந்தபோது சொன்னார்: “அம்மா, தட்டோட்டை எடுத்தா கீழ இருக்கிற சுண்ணாம்பும் கூடவே வரும். கடுக்காயும் வெல்லமும் போட்டு இடிக்கிற ஆளுங்க இப்ப எங்க இருக்காங்க? சிமென்ட் பூசித் தரேன், ஆனா கேரண்டி கேக்காதீங்க.” சிமென்ட் பூசினோம். இரண்டாவது மழையில் சுண்ணாம்பும் சிமென்ட்டும் சேருகிற இடத்திலேயே விரிசல் விட்டது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர், எதையும் எழுதி வைப்பார். 2023 ஜனவரியிலிருந்து 2024 மார்ச் வரை, பதினைந்து மாதத்தில், வீட்டில் வேலையாள் நின்ற நாட்கள் 41. செலவு 2,36,000. அதே பதினைந்து மாதத்தில் மாடி வாடகை 1,35,000. அந்த நோட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து முதல் தடவையாக “விற்றுவிடலாம்” என்ற வார்த்தை வந்தது. நான் அதற்கு முன்பே அந்த முடிவுக்கு வந்திருந்தேன். மாமனார் வாங்கிய வீடு என்பதால் அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன்.

இனி ஜேவி. இதில் ஆசை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மனையில் ஸ்டில்ட் (வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்) விட்டு நாலு வீடு, இரண்டு உங்களுக்கு, இரண்டு எனக்கு என்றார் பில்டர். கையிலிருந்து ஒரு ரூபாய் போட வேண்டாம், ஒன்றில் நாம் இருக்கலாம், பின்னால் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு ஒன்று என்று ஆகிவிடும், ஊரும் மாறாது. ஐம்பது வயதில் என்னிடம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன்.

65 வயதில் கணக்கு வேறு. பிளான் அனுமதி, இடிப்பு, கட்டுமானம், இணைப்புகள் என்று பில்டர் சொன்னது பதினெட்டு மாதம். அடுத்த தெருவில் இதே மாதிரி கொடுத்த குடும்பத்துக்கு இரண்டாவது தளத்தோடு வேலை நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வீட்டு அம்மா வாடகை வீட்டிலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பதினெட்டு மாதத்தில் நம்பிக்கை வரவில்லை. சட்டப் பக்கமும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மனை 500 சதுர மீட்டருக்குள், அல்லது வீடுகள் எட்டுக்குள் என்றால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு கட்டாயமில்லை. நம் பக்கத்துக் குறுகல் மனைகள் எல்லாமே இதற்குள் வந்துவிடும். எங்களுடையது 153 சதுர மீட்டர்தான். அதாவது வேலை நின்றுபோனால் ஒப்பந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு சிவில் கோர்ட், நுகர்வோர் கோர்ட் என்றுதான் நடக்க வேண்டும், அதற்குள் பவர், அதாவது நம் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம், பில்டர் கையில் இருக்கும்.

ஜேவியில் நன்றாக முடிந்தவர்களும் இருக்கிறார்கள். வயது இருக்கிறது, போய் இருக்கச் சொந்தமாக இன்னொரு இடம் இருக்கிறது, மனை ஒரு கிரவுண்டுக்கு மேல் என்றால் நான் தடுக்க மாட்டேன். நான் அதைச் செய்து பார்க்கவில்லை என்பதால் இதற்கு மேல் அடித்துச் சொல்ல முடியாது.

சரி, விற்பது. நாங்கள் நினைத்ததைவிட இழுத்தது பேப்பர் வேலை. வீடு செட்டில்மென்ட் பத்திரம் (குடும்பத்துக்குள் எழுதித் தருவது) மூலம் என் வீட்டுக்காரர் பெயருக்கு வந்தது. தாய்ப்பத்திரம் கையில் இருந்தது. ஆனால் நகர நில அளவைப் பதிவேட்டில் மாமனாருக்கும் முன்னால் இருந்தவர் பெயர். அதை மாற்ற ஏழு மாதம். வாங்குபவரின் வக்கீல் முப்பது வருஷ வில்லங்கம் கேட்டார், மகனும் மகளும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். போட்டார்கள். விற்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் பெயர் மாற்றத்தை இன்றைக்கே ஆரம்பியுங்கள். நாம் இருக்கும்போது ஏழு மாதம் என்றால், நமக்குப் பின்னால் பிள்ளைகள் வாரிசுச் சான்றோடு அலையும்போது எத்தனை மாதம் ஆகும்?

பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அரசாங்கம் வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கொண்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றார்கள். மறுத்துவிட்டோம். அதனால் மூன்று மாதம் தள்ளிப்போனது, விலையும் கொஞ்சம் குறைந்தது. சொத்து விற்பனையில் 20,000-க்கு மேல் ரொக்கம் வாங்குவதே சட்டப்படி தப்பு. தவிர, அந்த ரொக்கத்தை வைத்து ஃபிளாட்டும் வாங்க முடியாது, வங்கியிலும் போட முடியாது. வயதான காலத்தில் அலமாரியில் வைத்துக் காவல் காக்கவா?

வரி விஷயம் பலரைப் பயமுறுத்துகிறது, அவ்வளவு பயம் தேவையில்லை. 2025 ஜனவரியில் விற்றபோது எங்களுக்குப் பொருந்திய விதி இது: பழைய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். லாபத்துக்கு 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், எது குறைவோ அது. வந்த லாபத்தில் வேறு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு வரி கிடையாது, விற்றதற்கு ஒரு வருஷம் முன்போ இரண்டு வருஷத்துக்குள்ளோ வாங்க வேண்டும். வாங்கிய வீட்டை மூன்று வருஷம் விற்கக் கூடாது. ஆடிட்டர் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்டினார். உங்கள் வருஷத்துக்கு என்ன விதி என்று உங்கள் ஆடிட்டரிடமே கேளுங்கள்.

மார்ச்சில் தண்டையார்பேட்டையில் ஃபிளாட் வாங்கினோம். 2011-ல் கட்டியது, பன்னிரண்டு வீடு, லிஃப்ட் உண்டு, முதல் மாடி, 780 சதுர அடி. பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இதைக் கணக்கில் சேர்க்காமல் ஃபிளாட் பார்க்கப் போகாதீர்கள். இதே பணத்துக்கு மாதவரம் தாண்டி மூன்று பெட்ரூம் புதிதாகவே கிடைத்திருக்கும். எங்களுக்கு அறை வேண்டாம், மனிதர் வேண்டும். பழைய பால்காரர் இங்கேயும் வருகிறார். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டதிலிருந்து லிஃப்டில் ஏறி இறங்கியே சென்ட்ரல் வரை போய்விடலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆட்டோ தூரம்.

பழைய ஃபிளாட் ஏன் என்றால் யு.டி.எஸ்., அதாவது நிலத்தில் பிரிபடாத பாகம். இதில் 390 சதுர அடி வருகிறது. அதே விலைக்குப் பார்த்த புது ஃபிளாட்டில் 240. கட்டடம் வருஷா வருஷம் தேயும், நிலம் தேயாது. பிள்ளைகள் ஒருநாள் விற்கப்போவது அந்த நிலத்தைத்தான். இப்போதைய அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் இடித்துக் கட்டலாம், முன்பு போல ஒரே ஒருவர் மறுத்து எல்லாரையும் நிறுத்த முடியாது. அது நடைமுறையில் எப்படி நடக்கும் என்று பார்க்க எங்களுக்கு ஆயுள் இருக்குமோ என்னவோ.

மீதிப் பணத்தில் ஒரு பகுதி மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம், நாங்கள் போட்டபோது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருகிறது. மாடி வாடகையைவிட அதிகம், குடித்தனக்காரர் பைப் உடைந்தது என்று கதவைத் தட்டவும் இல்லை.

இழந்ததும் உண்டு. முற்றம் போய்விட்டது. வடகம் காயவைக்கப் பொது மொட்டை மாடியில் இடம் கேட்க வேண்டியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் நாலு பேரும் ஒன்றாக வந்தால் கூடத்தில் வரிசையாகத்தான் படுக்க வேண்டும். தேக்குத் தூண் இரண்டையும் எடுத்துவர முடியவில்லை, வீட்டோடு போய்விட்டன. வாங்கியவர் இடித்துவிட்டார். நான் அந்தத் தெருப் பக்கம் இன்னும் போகவில்லை.

முதியோர் குடியிருப்பு என்று நாலாவதாக ஒன்றை மகன் சொன்னான், கோயம்புத்தூர் பக்கம். சாப்பாடு, நர்ஸ் எல்லாம் அங்கேயே. ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்ததை வைத்து எதுவும் சொல்வது நியாயமில்லை. எங்களில் ஒருவர் மட்டும் மிஞ்சும் நாளில் அது சரியான இடமாக இருக்கலாம்.

போன மழையில் இங்கேயும் மேல் தளத்தில் ஒழுகல். சங்கச் செயலாளர் மூன்று ஆளிடம் விலை வாங்கி வாட்ஸப்பில் போட்டார், வீட்டுக்கு 6,500. பணம் அனுப்பினோம். வேலை நாலு நாள் நடந்தது. என் வீட்டுக்காரர் இரண்டாவது நாள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றார். லிஃப்டில் போய்விட்டு வாங்க என்றேன். போய்விட்டு வந்து, தட்டோடு நன்றாகப் பதிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டார்.