வடிகாலா, ஏரியா, உறிஞ்சுகுழியா? தென்சென்னைப் புறநகரின் வெள்ளக் கணக்கு

அக்டோபர் வந்தால் போதும், தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கம் நலச்சங்கக் கூட்டங்களில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும். தெருவுக்கு வடிகால் கேட்பவர்கள் ஒரு பக்கம், ஏரியைத் தூர்வாரச் சொல்பவர்கள் மறுபக்கம். வீட்டுக்கு வீடு மழைநீர் மண்ணில் இறங்க உறிஞ்சுகுழி தோண்டினால் போதும் என்று நடுவில் ஒருவர் எழுந்திருப்பார். மூவரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் எல்லா இடத்துக்கும் அல்ல.

முதலில் தண்ணீரின் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு சதுர கிலோமீட்டர் குடியிருப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது 10 கோடி லிட்டர். 2015 டிசம்பர் முதல் தேதி கொட்டித் தீர்த்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 செ.மீ.

வடிகாலில் ஓடுவது எவ்வளவு? ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம், ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பே இல்லாவிட்டால் விநாடிக்குச் சுமார் 1,000 லிட்டர் போகும். மணிக்கு 5 செ.மீ. மழை அடித்தால் அதே ஒரு சதுர கிலோமீட்டரிலிருந்து கிளம்புவது, மண்ணில் இறங்கியது போக, விநாடிக்கு 11,000 லிட்டர். அடைப்பில்லாத வடிகால் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஏதாவது ஒரு தெருவில் குனிந்து பாருங்கள்: கம்பிச் சட்டத்தில் பாலித்தீன் பை, உள்ளே வீடு கட்டியவர்கள் கழுவிவிட்ட சிமென்ட் பால் இறுகிக் கிடக்கும், பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய் ஒன்று எட்டிப் பார்க்கும். சில இடங்களில் தண்ணீர் இறங்க வேண்டிய வாயே சாலையைவிட நான்கு விரல் உயரத்தில் இருக்கும்.

இதெல்லாம்கூடச் சரிசெய்யக் கூடியதுதான். வடிகாலின் உண்மையான சிக்கல் அது முடிகிற இடத்தில். தெற்குப் புறநகரில் பெரும்பகுதித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலைத் தொட வேண்டும். சதுப்புநிலம் நிரம்பி, கடலும் ஏறியிருக்கும்போது தண்ணீர் நகராது. வெளியே நிற்கும் நீர்மட்டம் தெருவின் மட்டத்துக்கு மேலே போய்விட்டால், அதே வடிகால் தண்ணீரைத் தெருவுக்குத் திருப்பிக் கொண்டுவரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்குப் போக்கிடம் இல்லாததே பெரிய காரணம்.

அப்படியானால் மேலேயே பிடித்து வைக்க வேண்டும். இந்தப் பகுதி ஏரிகள் தனித்தனி அல்ல. செம்பாக்கத்தில் நிரம்பிய நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கித்தான் பள்ளிக்கரணைக்கு வரும். ஒரு ஏக்கர் குளத்தை மூன்று மீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் 1.2 கோடி லிட்டர் நிற்கும். 2024-ல் கிண்டி ரேஸ் கிளப் நிலத்தில் மாநகராட்சி குளங்கள் வெட்டியதும் வேளச்சேரிக்குப் போகும் தண்ணீரைத் தடுக்கத்தான்.

ஆனால் ஏரிக் கட்சியினர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: நிரம்பிய ஏரி வெள்ளத்தைத் தடுக்காது. வடகிழக்குப் பருவமழையில் முதல் மழை ஏரியை நிரப்பும், அடுத்தடுத்த மழைதான் ஊரை மூழ்கடிக்கும். 2015-ல் நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிறைந்துவிட்டன; டிசம்பர் மழைக்கு அவற்றில் இடமில்லை. ஆழமாகத் தூர்வாரினால் நிலத்தடி நீருக்கு நல்லதுதான். ஆனால் மதகு மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை மோட்டார் இல்லாமல் வெளியேற்ற முடியாது. அதனால் வெள்ளக் கணக்கில் அந்த ஆழம் முதல் மழைக்கு மட்டுமே உதவும். கலங்கலில், அதாவது நிரம்பிய ஏரி வழிந்து வெளியேறும் இடத்தில், ஷட்டர் வைத்து, மழை எச்சரிக்கை வந்ததும் மட்டத்தைக் குறைத்தால்தான் இடம் கிடைக்கும். குடிநீரை வீணாக்குகிறார்கள் என்று அப்போது ஒரு சத்தம் எழும், அதையும் தாங்க வேண்டும்.

உறிஞ்சுகுழி மண்ணைப் பொறுத்தது. 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது கிணறுகளுக்காக, வெள்ளத்துக்காக அல்ல. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 10 செ.மீ. மழைக்கு விழுவது சுமார் 22,000 லிட்டர். ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி போன்ற கடலோரப் பகுதிகளின் மணலில் அது சத்தமில்லாமல் இறங்கிவிடும். கோவளம் வடிநிலப் பகுதியில் மழைநீர் வடிகால் கட்டும் திட்டத்தை அங்கே பலர் எதிர்த்ததில் நியாயம் உண்டு. வேளச்சேரிக் களிமண்ணில், நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே வந்துவிட்ட நவம்பரில், குழி வெறும் தொட்டிதான்.

ஆக, கடற்கரை மணலில் குழிக்கே என் ஓட்டு. ஏரிச் சங்கிலியில் இருக்கும் ஊர்களுக்கு ஏரியும் ஷட்டரும், அதைவிட முக்கியமாகக் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை போகும் போக்குக் கால்வாயும். வீடுகளும் கடைகளும் நெருக்கி அது சுருங்கிக் கிடந்தால் மேலே என்ன செய்தும் பயனில்லை. தெரு வடிகால் சாதாரண மழைக்குத் தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டெண்டருக்கு முன்பே அது விழும் இடத்தின் மழைக்கால நீர்மட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்காவதாக, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் வழியும் இருக்கிறது. பணம் இருந்தால் மூன்று, நான்கு அடி ஏற்றிவிடலாம். உங்களுக்குக் கைமேல் பலன், தெருவுக்கு ஒன்றுமில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அடுத்த முறை சாலை போட்டால் சாலை உயர்ந்து, வாங்கிய உயரத்தில் கொஞ்சம் அங்கேயே போய்விடும்.