தம்பி தன் வீட்டிலேயே வாழ உதவும் சேவை: 11 மாத அனுபவம்

டவுன் சிண்ட்ரோம் உள்ள என் தம்பிக்கு 36 வயது. அம்மா காலமான பிறகு, ஸ்ரீரங்கத்தில் அவர்கள் இருவரும் வாழ்ந்த வீட்டிலேயே இருக்கப்போவதாக அவன் உறுதியாகச் சொன்னான். பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு என்று உறவினர்கள் பலமுறை எடுத்துச் சொல்லியும் அவன் மனம் மாறவில்லை. எனவே, அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு வீட்டுக்கே வந்து துணைநிற்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் சேவையை ஏற்பாடு செய்தோம். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஞாயிறு விடுமுறை. மாதக் கட்டணம் 7,000 ரூபாய்.

வேலையை அவனுக்காகச் செய்து முடித்துவிட்டுப் போகும் ஆளை இவர்கள் அனுப்புவதில்லை என்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கேஸ் அடுப்பை அகற்றிவிட்டு மின்சாரக் குக்கரை வைக்கச் சொன்னார்கள். ஆழாக்கால் அரிசி அளப்பது முதல் சுவிட்சை அணைப்பது வரை சோறாக்குவதை ஒன்பது படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் எங்கள் சமையலறையிலேயே எடுத்த புகைப்படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். முதல் மாதம் உதவியாளர் அவன் கையைப் பிடித்துச் செய்யவைத்தார்; பிறகு படத்தை மட்டும் சுட்டிக் காட்டினார்; அதன்பின் கூடத்தில் அமர்ந்துகொண்டார். நான்காம் மாதம் ஒருநாள், அவர் வருவதற்குள் சோறு தயாராக இருந்தது. தண்ணீர் கூடிக் குழைந்துபோன அந்தச் சோற்றை மூவரும் சேர்ந்து உண்டோம். அவனுக்குச் சூடு பட்டுவிடும் என்று அஞ்சி, அம்மா கடைசிவரை அவனை அடுப்பங்கரைக்குள் விட்டதில்லை. அந்த அச்சத்தை நானும் அப்படியே வைத்திருந்தேன்.

வெறும் வயிற்றில் விழுங்க வேண்டிய தைராய்டு மாத்திரையை இப்போது அலாரம் அடித்ததும் தானே எடுத்துக்கொள்கிறான். கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்ப்பது மட்டும் இன்னும் கைவரவில்லை. தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும், மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்க நிறுவனத்தினரே வழிகாட்டினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 11 மாதங்களில் மூன்று உதவியாளர்கள் மாறினார்கள். இரண்டாம் முறை ஆள் மாறுவதை அதற்கு முந்தின நாள் மாலைதான் எங்களுக்குத் தெரிவித்தார்கள். புதுமுகங்களுக்குப் பழக நாள் பிடிக்கும் தம்பி, இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. புதியவர் பழையவருடன் ஒரு வாரமாவது சேர்ந்து வந்திருந்தால் அந்தத் துன்பத்தைத் தவிர்த்திருக்கலாம். இரவில் அவசரமென்றால் அழைக்கவும் அவர்களிடம் எண் இல்லை. மாற்றுச் சாவி வைத்திருந்த உதவியாளர் ஒருவர் தட்டாமலேயே கதவைத் திறந்து வந்ததும் எனக்கு உடன்பாடில்லை. அது அவனுடைய வீடு.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்த மேற்பார்வையாளர், என்ன மாற்றம் வேண்டும் என்று என்னைக் கேட்காமல் அவனைக் கேட்டார். ஞாயிறு மாலையும் ஆள் வர வேண்டும், வருகிறவர் மணியடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று இரண்டைச் சொன்னான். இரண்டையும் எழுதிச் சேர்த்த பிறகே கையெழுத்திட்டோம்.