ஷவரில் கொதிநீர்: கீசரைக் குறைப்பதா, மிக்சரை மாற்றுவதா?

முதலில் மற்ற குழாய்களிலும் சுடுநீரைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் அதே கொதிப்பு என்றால் கோளாறு கீசரின் தெர்மோஸ்டாட்டில், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியில். ஷவரில் மட்டும் என்றால் மிக்சரில், அதாவது சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் குழாயில்.

கீசரைக் குறைப்பது எளிது, செலவும் இல்லை. சூட்டைக் குறைக்கும் திருகு ஒரு மூடிக்குள் இருந்தால் மட்டும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தொடுங்கள். 60 டிகிரி செல்சியஸ் நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். 50க்கு இறக்கினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். அதற்காக ஒரேயடியாக இறக்கிவிடவும் கூடாது. 20 முதல் 45 டிகிரி வரை தேங்கி நிற்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும்.

மிக்சருக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தண்ணீரை அடைத்துவிட்டு உள்ளே இரண்டு நீரையும் கலக்கும் பாகமான கார்ட்ரிட்ஜைக் கழற்றுங்கள். உப்புப் படிந்திருந்தால் சுத்தம் செய்யலாம், தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வேறு யாராவது குழாயைத் திறக்கும்போது மட்டும் ஷவர் திடீரென்று சுடுகிறதா? குளிர்நீரின் அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். கீசரைக் குறைத்தாலும் இந்தத் தாவல் நிற்காது. தெர்மோஸ்டாட்டிக் மிக்சர் அதைத் தானாகவே சமன்செய்யும். பலவற்றில் 38 டிகிரிக்கு மேல் தவறுதலாகத் திருப்பிவிடாதபடி ஒரு பாதுகாப்புத் தடுப்பும் உண்டு. குழந்தைகளோ முதியவர்களோ இருக்கும் வீட்டில், விலை கூடினாலும் நான் இதையே சொல்வேன்.