வி.ஆர். ப்ராஜெக்டுக்கு ஒலி: யூனிட்டியே போதுமா, ஸ்டீம் ஆடியோவா, எஃப்மாடா?

வி.ஆர். எனப்படும் மெய்நிகர் உலக ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களில் பலருக்குக் கடைசி இரண்டு வாரத்தில்தான் ஒலியின் நினைப்பே வரும். அந்த நேரத்தில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியிலேயே இருக்கும், சத்தத்தை ஒலிக்கவைக்கும் ஆடியோ சோர்ஸ்தான் எல்லாவற்றிலும் சுலபம். ஆனால் அதில் ஸ்பேஷியல் பிளென்ட் என்ற ஸ்லைடர் முதலில் 0-இல் இருக்கும், அதை 1-க்கு நகர்த்தாதவரை நீங்கள் எங்கே நடந்தாலும் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கும். நகர்த்தினால் தூரமும் இடது வலதும் சரியாகிவிடும். முன்னா பின்னா என்பது மட்டும் தெரியாது. இருட்டு அறை ஒன்றில் குழாய் சொட்டும் சத்தத்தைப் பின்பக்கம் வைத்திருந்தேன். ஹெட்செட் மாட்டிய நண்பன் தலையை அங்கும் இங்கும் திருப்பித் தேடிய பிறகுதான் குழாயைக் கண்டுபிடித்தான்.

இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் யூனிட்டியோடு சேர்த்துக்கொள்ளும் ஸ்டீம் ஆடியோ என்ற ப்ளகின். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி தூரத்துக் காதை ஏறத்தாழ 0.6 மில்லிசெகண்ட் தாமதமாகத் தொடும். போதாததற்குத் தலையும் காது மடலும் அதன் தன்மையை மாற்றும். இந்த மாற்றங்களை, திசைக்கு ஏற்ப ஒலியை மாற்றும் எச்.ஆர்.டி.எஃப். என்ற வடிகட்டி வழியாக ஸ்டீம் ஆடியோ அப்படியே உண்டாக்குகிறது. வால்வ் நிறுவனம் இதை இலவசமாகத் தருகிறது, 2024-இல் மூல நிரலையும் திறந்துவிட்டார்கள். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ஸ்பேஷியலைசராக (ஒலிக்குத் திசை தரும் கருவியாக) தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு சோர்ஸிலும் ஸ்பேஷியலைஸ் டிக் போட வேண்டும், இதை மறந்துவிட்டு மென்பொருளைக் குறை சொல்பவர்கள் நிறைய. சுவர் சத்தத்தை மறைக்கவும் வைக்கலாம். எதிரொலிக் கணக்கு மட்டும் தனித்து இயங்கும் ஹெட்செட்டின் பிராசஸருக்குப் பெரிய சுமை, அதனால் அதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்துவிடுங்கள் (இதைத்தான் பேக் செய்வது என்பார்கள்).

எஃப்மாட் என்ற ஒலி வடிவமைப்பு மென்பொருள் வேறு வேலைக்கானது. ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைவிட எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் அதன் பலம்: காலடிச் சத்தம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், மழையை ஒரு பாராமீட்டரை நகர்த்தித் தூறலிலிருந்து கொட்டும் மழையாக்கலாம். ஸ்டீம் ஆடியோவை எஃப்மாடுக்குள்ளேயும் போடலாம் என்பதால் இரண்டையும் எதிரிகளாகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் பழக நாளாகும், மாற்றம் செய்யும்போதெல்லாம் ஒலிகள் அடங்கிய பேங்க் கோப்பைத் திரும்ப பில்ட் செய்ய வேண்டும். உங்கள் ப்ராஜெக்டின் உயிரே ஒலிதான் என்றால் மட்டும் இறங்குங்கள். வைஸும் இதே வகைதான், கற்றுக்கொள்ள இன்னும் நிறைய. கூகுள் 2018-இல் மூல நிரலைத் திறந்துவிட்ட ரெசோனன்ஸ் ஆடியோ என்ற ஸ்பேஷியலைசர் லேசானது, ஆனாலும் இன்று புதிதாகத் தொடங்குகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வாரம்தான் இருக்கிறதா? யூனிட்டியோடு ஸ்டீம் ஆடியோ, வேறு யோசனையே வேண்டாம். அப்புறம், ஓரிடத்திலிருந்து வரும் சத்தங்களை மோனோவாக (ஒரே சேனலாக) மாற்றிப் போடுங்கள், லேப்டாப் ஸ்பீக்கரில் சோதிக்காமல் ஹெட்போனில் கேளுங்கள். அந்தக் குழாயை நான் அப்படித்தான் சரிசெய்தேன். மறுபடி கூப்பிட்டபோது நண்பன் தலையைத் திருப்பவே இல்லை, கையை மட்டும் தோளுக்குப் பின்னால் காட்டினான்.