மேற்கு ஜன்னலுக்கு எந்தச் சாயம்: ரியாக்டிவா, வாட்டா?

மேற்குப் பார்த்த எங்கள் கூடத்து ஜன்னலுக்கு இரண்டாம் முறையாகத் திரைச்சீலை வாங்க நேர்ந்தபோதுதான், துணியின் சாயத்தைப் பற்றி விசாரிக்கவேண்டும் என்பது எனக்கு உறைத்தது. முதலில் போட்டிருந்த கருநீலப் பருத்தித் திரை ரியாக்டிவ் சாயமிட்டது. எத்தனை முறை துவைத்தும் வாளித் தண்ணீரில் நீலம் இறங்கவில்லை. ஆனால் இரண்டு கோடைக்குள் மடிப்பின் வெளிப்புறம் சாம்பல் பூத்து, உள்மடிப்பு மட்டும் பழைய நிறத்தில் வரிவரியாக நின்றது. இப்போது தொங்குவது வாட் சாயமேற்றிய நூலில் நெய்த கைத்தறித் துணி. மூன்று கோடை கழிந்தும் வெளிமடிப்புக்கும் உள்மடிப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை.

கடையில் "சாயம் போகாது" என்று சொல்வது பெரும்பாலும் துவைப்பதை மனத்தில் வைத்துத்தான். அந்த வகையில் இரண்டுமே நல்லவை. 1956-இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயம் பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பே கொள்கிறது. புதுத்துணி முதல் சலவையில் நிறம் விட்டால், பிணையாத மிச்சச் சாயத்தைப் பட்டறையில் சரியாக அலசவில்லை என்று பொருள். மஞ்சள் போன்ற இயற்கைச் சாயங்களை வெயில் படும் இடத்துக்கு யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் வெயில் அந்தப் பிணைப்பைத் தேடிப்போவதில்லை. நிறம் தரும் மூலக்கூறையே சிதைக்கிறது. ஆகவே சாயம் இழையை எவ்வளவு இறுகப் பற்றியிருந்தாலும் பயனில்லை. வாட் சாயத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. தண்ணீரில் கரையாத அந்தச் சாயத்தைக் காஸ்டிக் சோடாவும், ஹைட்ரோஸ் என்று பட்டறையில் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் சேர்த்துக் கரையவைத்து, நூலில் ஏற்றி, காற்றுப் படச்செய்தால் அது இழைக்குள்ளேயே மீண்டும் கரையாப் பொருளாகிவிடுகிறது. பிறகு சோப்பு நீரில் கொதிக்கவைக்கும்போது மூலக்கூறுகள் நுண்ணிய மணிகளாகத் திரள்வதால், ஒளி மேற்பரப்பை அரித்தாலும் உள்ளே இருப்பவை தப்பிக்கின்றன. ஒளியுறுதியை அளக்கும் நீலக் கம்பளி அளவுகோல் 1 முதல் 8 வரை செல்வது. நல்ல வாட் சாயங்கள் 7-ஐ ஒட்டி நிற்க, ரியாக்டிவ் சாயங்கள் பல 4-க்கும் 6-க்கும் இடையில் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் வெளுக்கும் காலம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பதால், இரண்டு படி வேறுபாடு என்பது நான்கு மடங்கு ஆயுள். எந்தச் சாயமானாலும் வெளிர் நிறம் அடர்நிறத்தைவிட விரைவில் வெளுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

வாட் சாயத்துக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. விலை கூடுதல், பளீரென்ற இளஞ்சிவப்பும் மயில்கழுத்து நீலமும் அதில் எளிதில் வாய்ப்பதில்லை. அதன் மஞ்சள், ஆரஞ்சு வகைகள் சில, தாம் வெளுக்காமல் இருந்துகொண்டே வெயிலில் பருத்தி நூலை நலியச்செய்யும் என்பது விசித்திரமான துரோகம். என் அனுபவம் நீலத்தோடும் பச்சையோடும் நின்றுவிடுவதால், அந்த நிறங்களில் திரை வாங்குவோருக்கு நான் உறுதி சொல்லமாட்டேன்.

உடுத்தும் சேலைகளுக்கு இன்றும் ரியாக்டிவ் சாயத்தையே வாங்குகிறேன். அவற்றை நிழலில் உலர்த்துவது என் கையில் இருக்கிறது. ஜன்னலுக்கு மட்டும், துண்டுத்துணி ஒன்றை வாங்கி, பாதியை அட்டையால் மூடி, ஒரு மாதம் வெயிலில் வைத்துப் பார்த்த பிறகே முழுத் துணிக்குப் பணம் கொடுத்தேன்.